கடைசி இரண்டு நிமிடம்: பெரிய மேட்சுக்குப் புதிதாக இறங்கும் மலைப்பிள்ளைகளுக்கு

கூடைப்பந்துப் பயிற்சியில் பத்துக்கு ஏழு விழுகிறது. மாவட்ட ஃபைனலில், ஸ்கோர் ஒட்டி ஓடும் நேரத்தில், அதே கை எறியும் பந்து ரிங்கைக்கூடத் தொடாமல் போகிறது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் பக்கம் இந்த வருடம்தான் பள்ளி அணியிலோ கல்லூரி அணியிலோ இடம்பிடித்த பலருக்கும் இந்த அனுபவம் வந்திருக்கும், அல்லது சீக்கிரம் வரும். "திறமை இருக்கு சார், தைரியம்தான் பத்தல" என்று வீட்டில் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. தைரியம் பிறவியில் வருவது என்று நம்பிவிட்டால் அதற்கு மேல் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. பெரிய ஆட்டங்களைக் கடைசி விநாடியில் வென்று கொடுத்தவர்களைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. அந்த விநாடி வருவதற்கு வருடக்கணக்கில் முன்பே, ஆள் இல்லாத கோர்ட்டில், அவர்கள் அதை ஆடி முடித்திருக்கிறார்கள். நெருக்கடி வரும்போது அவர்கள் செய்ய வேண்டியது எதுவும் புதிதாக இருப்பதில்லை.

அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாப் படிகளும் ஒரே அளவு முக்கியமானவை அல்ல. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதிக நாள் தங்குங்கள்.

முதல் படி: பயத்தைப் பற்றிய கணக்கைச் சரிசெய்யுங்கள்

பெரிய வீரர்களுக்கு நடுக்கமே கிடையாது என்ற நினைப்பை முதலில் விடுங்கள். என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டங்களில் எறியப்பட்ட ஃப்ரீ த்ரோக்களை, அதாவது ஃபவுலுக்குப் பதிலாக யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் எறிகளைத் திரட்டி மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2011ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிக நெருக்கமான ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் வீரர்கள் தங்கள் வழக்கத்தைவிட 5 முதல் 10 சதவீதப் புள்ளி குறைவாகவே போடுகிறார்கள் என்பது அதன் முடிவு. உலகத்திலேயே சிறந்த லீக்கில், சம்பளம் வாங்கி ஆடுபவர்களின் நிலை இது.

அந்த ஆய்வில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. நெருக்கடியில் அதிகம் சறுக்கியவர்கள், பொதுவாகவே ஃப்ரீ த்ரோ பலவீனமாக உள்ளவர்கள். இரண்டு எறிகளில் முதலாவதைத் தவறவிட்டவர்கள் இரண்டாவதிலும் அதிகம் சறுக்கினார்கள். ஆக, அடிப்படை உறுதியாக இருந்தால் நடுக்கம் குறைவாகவே தின்னும். முதல் எறிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில விநாடிகளில் என்ன செய்கிறீர்கள் என்பது தனியாகப் பழக வேண்டிய வித்தை.

1995 என்.பி.ஏ. ஃபைனல்ஸ் (கோப்பைக்கான கடைசித் தொடர்) முதல் ஆட்டத்தில் ஆர்லாண்டோ அணியின் நிக் ஆண்டர்சன் நின்ற இடம் அதுதான். 10.5 விநாடி பாக்கி, அணி 3 புள்ளி முன்னிலை. இரண்டு ஃப்ரீ த்ரோவும் தவறின. தவறிய பந்து மறுபடி அவர் கைக்கே வந்து, மறுபடி ஃபவுல் கிடைத்து, மறுபடி இரண்டும் தவறின. ஹூஸ்டன் அணியின் கென்னி ஸ்மித் ஒரு மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார். ஓவர்டைமில் (சமனானால் ஆடும் கூடுதல் நேரத்தில்) ஆர்லாண்டோ தோற்றது. அதற்கு முன் சுமார் 70 சதவீதம் போட்டுக்கொண்டிருந்த ஆண்டர்சன், 1996–97 சீசனில் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார். இரண்டு வருடம் கழித்து 1997 ஃபைனல்ஸ் முதல் ஆட்டத்தில், 82–82 என்று சமனாக இருக்கும்போது, 9.2 விநாடி பாக்கியில் யூட்டாவின் கார்ல் மலோன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டார். அந்த சீசனின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போயிருந்தது. எதிரணி சிகாகோவின் மைக்கேல் ஜோர்டான் கடைசி எறியில் 84–82 என்று முடித்தார்.

இவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு வரும் நடுக்கம் உங்களிடம் ஏதோ கோளாறு இருப்பதற்கு அடையாளம் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளத்தான். நெஞ்சு படபடப்பதும், உள்ளங்கை வியர்ப்பதும், அடிக்கடி பாத்ரூம் போகத் தோன்றுவதும் உடம்பு வேலைக்குத் தயாராகும் விதம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014ல் வெளியிட்ட சோதனைகளில், மேடையேறும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் நெஞ்சை அடக்குவது கடினம். அந்தப் படபடப்புக்கு வேறு பெயர் வைப்பது சுலபம். ஆகவே பக்கத்தில் இருப்பவளிடம் "அக்கா, பயமா இருக்கு" என்று சொல்வதற்குப் பதில் "அக்கா, எப்ப ஆரம்பிப்பாங்கன்னு இருக்கு" என்று சொல்லிப் பழகுங்கள். பொய் சொல்வதாகத் தோன்றினாலும் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: ஃப்ரீ த்ரோவுக்கு உங்களுக்கென்று ஒரு வரிசை

எல்லாரையும் நான் ஃப்ரீ த்ரோவிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஆட்டம் நிற்கிறது, தடுக்க யாரும் இல்லை, மொத்த மைதானமும் உங்கள் ஒருவரைப் பார்க்கிறது. நெருக்கடியின் சாறு முழுக்க அந்த ஒரு இடத்தில் இருக்கிறது. போர்டிலிருந்து கோடு 4.6 மீட்டர், ரிங் 3.05 மீட்டர் உயரம். ஊட்டியிலும் சிகாகோவிலும் இந்த அளவு ஒன்றுதான். எதுவும் மாறாத இடம் என்பதால் இங்கே பழகுவது முழுக்கக் கைகொடுக்கும்.

சர்வதேச விதிப்படி நடுவர் பந்தைக் கொடுத்ததிலிருந்து 5 விநாடிக்குள் எறிய வேண்டும். என்.பி.ஏ.வில் 10 விநாடி உண்டு, அதைப் பார்த்து நிதானமாகப் பழகிவிடாதீர்கள். உங்கள் வரிசை 5 விநாடிக்குள் வசதியாக அடங்க வேண்டும். அதற்கு நான் சொல்லித்தரும் அமைப்பு இப்படி இருக்கும்.

பந்து கைக்கு வருவதற்கு முன்பே, கோட்டுக்குப் பின்னால் நின்று, மூக்கால் இழுத்து வாயால் நீளமாக ஒரு மூச்சு விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்கும். பிறகு கோட்டுக்கு வந்து எப்போதும் வைக்கும் இடத்திலேயே கால் வையுங்கள். நடுவர் கொடுத்த பந்தை மூன்று முறை தட்டுங்கள். இரண்டு தட்டுதான் பிடிக்கும் என்றால் இரண்டு. ஆனால் பயிற்சியில் இரண்டு, மேட்சில் ஐந்து என்று ஆகக் கூடாது. தலையை நிமிர்த்தி ரிங்கில் ஓர் இடத்தைப் பார்த்து, பார்வை எடுக்காமல் எறியுங்கள்.

பார்வை எடுக்காமல் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவின் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் ஃப்ரீ த்ரோ எறிபவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்து 1996ல் வெளியிட்டார். நன்றாகப் போடுபவர்கள் எறியும் அசைவு தொடங்குவதற்கு முன்பே ரிங்கில் ஓர் இடத்தில் பார்வையை நிறுத்தி, அதிக நேரம் அங்கேயே வைத்திருந்தார்கள். சுமாராகப் போடுபவர்களின் கண் அங்குமிங்கும் தாவியது. நெருக்கடி வந்தால் முதலில் சிதறுவது கண்தான்: ஸ்கோர் போர்டு, எதிரணிப் பையனின் முகம், வெளியே கத்தும் கூட்டம் என்று ஓடும். அதனால் ரிங்கின் முன்விளிம்பா, பின்விளிம்பா, வலை மாட்டும் கொக்கியா என்று ஒன்றை இன்றே தேர்ந்தெடுங்கள். நான் முன்விளிம்பைச் சொல்வேன், ஆனால் அதில் பிடிவாதம் இல்லை. மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதில்தான் பிடிவாதம்.

இன்னொன்று. முழங்கை உள்ளே இருக்கிறதா, மணிக்கட்டு மடங்குகிறதா என்றெல்லாம் பயிற்சியில் யோசியுங்கள். புதியவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். மேட்சில் கோட்டில் நின்று அதை யோசிக்காதீர்கள். நன்றாகப் பழகிய அசைவை நடுவில் நிறுத்திப் பிரித்துப் பார்த்தால் அது உடைந்துபோகும் என்று சியான் பெய்லாக் போன்ற உளவியலாளர்கள் பல விளையாட்டுகளில் காட்டியிருக்கிறார்கள். தலைக்குள் ஏதாவது ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே சொல் போதும். "விடு", "மேல", "வலை" என்று எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். என்.பி.ஏ. வீரர் ஸ்டீவ் நாஷ் கோட்டில் நின்று, பந்து கைக்கு வருமுன், வெறுங்கையால் எறிவதுபோல் செய்து பார்ப்பார். 90 சதவீதத்துக்கு மேல் போட்டவர் அவர்.

இந்த இடத்தில் என்.பி.ஏ.வின் பழைய நட்சத்திரம் வில்ட் சேம்பர்லினைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஃப்ரீ த்ரோ அவருக்கு வாழ்நாள் முழுக்கத் தலைவலி. 1961–62 சீசனில் இரண்டு கையாலும் கீழிருந்து தூக்கிப் போடும் முறைக்கு மாறி 61 சதவீதம் எட்டினார். 1962 மார்ச் 2ஆம் தேதி அவர் 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் 32 ஃப்ரீ த்ரோவில் 28 விழுந்தது. பிறகு அந்த முறையையே விட்டுவிட்டார். கீழிருந்து போடுவது பார்க்கக் கேவலமாக இருப்பதாக நினைத்ததுதான் காரணம் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ரிக் பேரி அதே முறையில் ஆடுகாலம் முழுக்கப் போட்டு, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஃப்ரீ த்ரோ வீரர்களில் ஒருவராக ஓய்வுபெற்றார். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் அவ்வளவு பெரிய ஆளையே கைப்பழக்கத்தை மாற்ற வைத்தது. உங்கள் வரிசையைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாம் படி: களைத்த பிறகு இரண்டே இரண்டு

நம் ஊர் மைதானங்களில் நான் பார்க்கும் ஃப்ரீ த்ரோ பயிற்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சாயங்காலம், வியர்வை ஆறிய பிறகு, கோட்டில் நின்று ஐம்பது பந்து தொடர்ச்சியாக எறிவது. பத்தாவது பந்துக்குக் கை பழகிவிடும், அப்புறம் விழும், மனசு நிறையும். ஆனால் மேட்சில் யாரும் உங்களுக்கு ஐம்பது தரப்போவதில்லை. ஓடி, மோதி, விழுந்து எழுந்து, மூச்சு இரைக்கும்போது இரண்டே இரண்டு கிடைக்கும். முதல் பந்துக்கே கை பழகியிருக்க வேண்டும்.

ஆகவே பயிற்சியை இப்படி மாற்றுங்கள். கோர்ட்டின் நீளத்துக்கு நான்கு முறை முழுவேகத்தில் ஓடுங்கள். நின்றதும் உங்கள் வரிசைப்படி இரண்டு ஃப்ரீ த்ரோ, அவ்வளவுதான். பிறகு வேறு வேலை: டிஃபென்ஸ், பாஸ், லே-அப் (ரிங்குக்கு அருகே ஓடிப்போய்ப் போடும் எறி). சில நிமிடம் கழித்து மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. ஒரு நோட்டில் முதல் எறி, இரண்டாம் எறி என்று தனித்தனியாகக் குறித்துவையுங்கள். முதலாவது தவறிய பிறகு இரண்டாவது எத்தனை முறை விழுகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய கணக்கு. மற்றதெல்லாம் அப்புறம்.

அது பழகியதும் பந்தயம் வையுங்கள். ஒருவர் எறிவார், தவறினால் மொத்த அணியும் ஓட வேண்டும். "டேய், போடுறா, கால் வலிக்குது" என்று நண்பர்கள் கத்துவார்கள். கத்தட்டும். எதிரணியின் கூச்சலைவிட உங்கள் நண்பர்களின் எதிர்பார்ப்பு கனமானது. அதைச் சுமந்து எறியப் பழகியவர்களுக்கு ஃபைனல் கூட்டம் பெரிதாகத் தெரியாது. யார் எறிவது என்பதைக் கடைசி வரை சொல்லாமல் வைத்திருந்து திடீரென்று பெயர் சொல்வது இன்னும் நல்லது. ஒன்று மட்டும்: தவறியவரைத் திட்டவோ கேலி செய்யவோ கூடாது என்பதைப் பி.டி. மாஸ்டர் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

மியாமி அணியின் ரே ஆலன் செய்தது இதன் உச்சம். 2013 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டம், ஜூன் 18. தொடரில் 3–2 என்று பின்தங்கியிருந்த மியாமி, இந்த ஆட்டத்திலும் 95–92 என்று பின்னால். எதிரணிக்குக் கோப்பை வழங்குவதற்காகக் கோர்ட் ஓரத்தில் மஞ்சள் கயிறுகூடக் கொண்டுவந்துவிட்டார்கள். லெப்ரான் ஜேம்ஸ் எறிந்த பந்து தவறியது. கிறிஸ் பாஷ் அதைப் பிடித்தார். ஆலன் திரும்பிப் பார்க்காமலே பின்னோக்கி நாலடி வைத்து வலது மூலைக்குப் போனார், பந்து வந்தது, 5.2 விநாடி பாக்கியில் மூன்று புள்ளி. ஓவர்டைமில் 103–100 என்று மியாமி வென்றது, அடுத்த ஆட்டத்தையும் வென்று கோப்பையை எடுத்தது. அந்தப் பின்னோக்கி வைத்த அடிகள் அதிர்ஷ்டம் அல்ல. ரிங்குக்குக் கீழே தரையில் படுத்து, சட்டென்று எழுந்து, கோட்டை மிதிக்காமல் பின்வாங்கி மூலைக்குப் போய் எறியும் ஒரு பயிற்சியை அவர் பல வருடங்களாகத் தனியே செய்துவந்தார். மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கும் குறைவான இடம்தான். காலைப் பார்க்காமல் அதற்குள் நிற்க உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் அணியில் நீங்கள் ஆடும் இடம் எது, கடைசி நிமிடத்தில் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று மாஸ்டரிடம் கேளுங்கள். ரீபவுண்ட் (தவறித் தெறிக்கும் பந்து) பிடிப்பவரா? எதிராளி முதுகில் இடிக்கும்போதே பிடித்து, உடனே வெளியே பாஸ் கொடுக்கும் அசைவைத் தனியாகப் பழகுங்கள். பந்தை எடுத்து வரும் கார்டா? இரண்டு பேர் சேர்ந்து மறிக்கும்போது 8 விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டுவதைப் பழகுங்கள். அந்த மாதிரி ஒரே ஒரு நிலைமையை எடுத்து, சலிக்கும் வரை செய்யுங்கள்.

நான்காம் படி: நம் மலைக்கே உரிய சங்கதிகள்

வெளியூர்ப் புத்தகங்களில் இது இருக்காது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் இங்கே கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ காற்றடித்த பந்தை அப்படியே மேலே கொண்டுவந்தால் அது இறுகிப்போய் அதிகமாகத் துள்ளும். ரிங்கில் பட்டால் தூரமாகத் தெறிக்கும். இங்கே அடித்த பந்தைக் கீழே கொண்டுபோனால் அதற்கு நேர்மாறு, சவசவ என்று இருக்கும். மேட்ச் நடக்கும் ஊரில் பந்தைத் தலை உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே எழும்பினால் சரி. எந்தப் பந்தில் ஆடப்போகிறார்கள் என்று கேட்டு, வார்ம்-அப் நேரத்தில் அதில் நாலு எறிகளாவது எறிந்துவிடுங்கள்.

அடுத்தது விரல். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் எட்டு மணி மேட்ச் என்றால் விரல்நுனியில் உணர்ச்சியே இருக்காது. பந்து கையை விட்டுப் போகும் கடைசிக் கணத்தை விரல்நுனிதான் தீர்மானிக்கிறது. அது மரத்துப்போயிருந்தால் எவ்வளவு பயிற்சியும் வீண். நெருக்கடியால் கை மரத்தது என்று நினைத்துப் பயப்படும் பிள்ளைகளுக்கு உண்மையில் குளிரால் மரத்திருக்கும். கையுறையோடு வார்ம்-அப் தொடங்குங்கள், விசிலுக்குச் சற்று முன் கழற்றுங்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். கடைசி இரண்டு நிமிடத்தில் முக்கிய ஆட்டக்காரர் ஐந்தாவது ஃபவுலில் வெளியே போனால், ஸ்வெட்டருக்குள் ஒடுங்கியிருந்த சப் (மாற்று ஆட்டக்காரர்)தான் உள்ளே போக வேண்டும். ரே ஆலன் அந்த சீசனில் பெஞ்சிலிருந்து இறங்கியவர்தான். ஒவ்வொரு டைம் அவுட்டிலும் எழுந்து துள்ளுங்கள், கையைத் தேயுங்கள், ஒரு பந்தை மடியிலேயே வைத்திருங்கள். குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

மூடுபனி இறங்கிவிட்டால் ரிங் மங்கலாகும். நம் திறந்தவெளி சிமென்ட் கோர்ட்டுகளில் இது சாதாரணம். வெயில் நாளில் மட்டும் ஆடிப் பழகாமல், கண்ணுக்குத் தெரியும் அளவு மிஸ்ட் இருக்கும்போதும் ஃப்ரீ த்ரோ எறிந்து பாருங்கள். முன்விளிம்பு தெரியவில்லை என்றால் போர்டின் சதுரத்தின் கீழ்க்கோட்டைப் பார்க்கலாம் என்று முன்பே முடிவுசெய்து வையுங்கள். தரை ஈரமாக இருந்தால் ஓடிவந்து சட்டென்று நிற்கும் எறிகளைக் குறையுங்கள். இடுப்பில் ஒரு சின்னத் துண்டு செருகிக்கொள்ள நடுவர் விடமாட்டார். அதனால் துண்டு பெஞ்சில் தயாராக இருக்கட்டும்.

கீழே ஆடப் போகும்போது வேறு சிக்கல். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மலையிலேயே வளர்ந்தவர்களுக்கும் மேட்ச் பதற்றத்தோடு இறங்கினால் வயிறு புரட்டும். அதையும் பயம் என்று எண்ணிக்கொள்வார்கள். புறப்படும் முன் இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள், பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள், போனைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள். முடிந்தால் முந்தின நாளே இறங்கித் தங்குங்கள். கீழே வெக்கையில் நாம் பழகாத அளவுக்கு வியர்க்கும், பந்து வழுக்கும். தண்ணீரை மேட்ச் தொடங்கும் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நமக்கு ஒரு சாதகமும் உண்டு. சமவெளி அணி மேலே வந்து ஆடினால் மூன்றாவது குவார்ட்டரில் அவர்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஊட்டியில் ஆடும்போது முதல் பாதியிலிருந்தே அவர்களை ஓடவைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கடைசி நிமிடத்தின் நிலவரம்

நெருக்கடியில் தப்பு எறியால் தோற்பதைவிடத் தப்புக் கணக்கால் தோற்பது மனசை அதிகம் வாட்டும். 2018 ஃபைனல்ஸ் முதல் ஆட்டத்தில் 107–107 சமன், 4.7 விநாடி பாக்கி. தவறிய ஃப்ரீ த்ரோவைப் பிடித்த கிளீவ்லாந்தின் ஜே.ஆர். ஸ்மித், ரிங்குக்குப் போகாமல் பந்தை வெளியே தட்டிக்கொண்டு ஓடினார். நேரம் போனது, ஓவர்டைமில் அணி தோற்றது. 1993 அமெரிக்கக் கல்லூரி ஃபைனலில், 73–71 என்று 2 புள்ளி பின்தங்கியிருந்த மிஷிகன் அணியின் கிறிஸ் வெப்பர், அணியிடம் இல்லாத டைம் அவுட்டைக் கேட்டு டெக்னிக்கல் ஃபவுல் (விதிமீறலுக்கான தண்டனை) வாங்கினார். இருவரும் அருமையான ஆட்டக்காரர்கள். கைத்திறன் அப்படியே இருந்தது, தகவல்தான் கைவிட்டது.

ஆகவே கடைசி இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு முறை விசில் ஊதும்போதும் ஐந்து பேரும் நான்கு விஷயங்களை ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்: ஸ்கோர் என்ன, நேரம் எவ்வளவு, இரண்டு அணிக்கும் எத்தனை ஃபவுல், டைம் அவுட் மிச்சம் எத்தனை. ஒரு குவார்ட்டரில் அணியின் நான்கு ஃபவுல் முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு தடுக்கும்போது செய்யும் ஃபவுலுக்கெல்லாம் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டாம் பாதியில் மூன்று டைம் அவுட் உண்டு, ஆனால் நான்காவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. அந்த இரண்டு நிமிடத்தில் பாஸ்கட் விழுந்ததும் கடிகாரம் நிற்கும். தாக்கும் அணி ரீபவுண்ட் பிடித்தால், மறுபடி எறிய 24க்குப் பதில் 14 விநாடிதான். 0.3 விநாடி மிச்சம் இருந்தால்கூடப் பிடித்து எறியலாம். அதற்கும் குறைவு என்றால் தட்டிவிட மட்டுமே முடியும். உள்ளூர் மேட்சில் ஷாட் கிளாக் (எறிவதற்குள்ள விநாடிகளைக் காட்டும்) பலகை இல்லாமல் டேபிளிலிருந்து குரல் கொடுப்பார்கள் என்றால், அந்தக் குரலைக் கேட்டுப் பழகுங்கள்.

இப்படிச் சத்தமாகச் சொல்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வாய் தகவல் சொல்லிக்கொண்டிருக்கும்போது "தோத்துட்டா என்ன சொல்வாங்க" என்ற நினைப்புக்கு மனசில் இடம் குறைகிறது.

ஆறாம் படி: கடைசிப் பந்து யாருக்கு

பெரிய ஆட்டக்காரர் என்றால் கடைசி எறியைத் தானே எறிய வேண்டும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஜோர்டானின் படங்கள் சுவரில் தொங்குவதால் வந்த நினைப்பு அது. அதே ஜோர்டான் 1997 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தில், 86–86 சமனில், தன்னை மறிக்க எதிரணியின் ஜான் ஸ்டாக்டனும் சேர்ந்து வந்ததும் பந்தைச் சக ஆட்டக்காரர் ஸ்டீவ் கெரிடம் கொடுத்தார். ஸ்டாக்டன் விலகினால் தான் தயாராக இருப்பதாக கெர் டைம் அவுட்டிலேயே சொல்லியிருந்தார். 5 விநாடி பாக்கியில் அவர் போட்ட எறிதான் கோப்பையை முடிவுசெய்தது. 1993லும் சிகாகோவின் கோப்பையை 3.9 விநாடி பாக்கியில் உறுதிசெய்தது ஜான் பாக்ஸனின் மூன்று புள்ளி.

இதிலிருந்து இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. நட்சத்திரம் நீங்கள் என்றால், இரண்டு பேர் உங்களை மறிக்கும்போது யார் தனியாக இருப்பார்கள் என்பதை முன்பே தெரிந்துவையுங்கள். நட்சத்திரம் இல்லை என்றால், பந்து வராது என்று முடிவுகட்டி நிற்காதீர்கள். கையை உயர்த்தி, முழங்காலை மடக்கி, எறியத் தயாராக நில்லுங்கள். "அண்ணா, ரெண்டு பேர் உங்க மேல வந்தா நான் இடது மூலையில இருப்பேன்" என்று டைம் அவுட்டில் சொல்லும் ஒன்பதாம் வகுப்புப் பையனை நான் கேப்டனுக்குச் சமமாக மதிப்பேன்.

கடைசி எறி மட்டுமே பெரிய எறி என்றும் எண்ண வேண்டாம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை ஆடிய இந்தியப் பெண்கள் அணி 2017ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவு ஃபைனலில் கஜகஸ்தானை 75–73 என்று வென்றது. 2021ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த ஃபைனலில் வித்தியாசம் 2 புள்ளி, ஒரே ஒரு பாஸ்கட். முதல் குவார்ட்டரில் யாரோ கவனமாக முடித்த ஒரு சாதாரண லே-அப்பும் அந்த 75க்குள் இருக்கிறது.

ஏழாம் படி: தவறிய பிறகு

1997 மே 12. யூட்டாவுக்கு எதிராக, தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். லாஸ் ஏஞ்சலீஸ் அணியின் 18 வயது கோபி பிரையன்ட், நான்காவது குவார்ட்டரின் கடைசியிலும் ஓவர்டைமிலுமாக எறிந்த நான்கு பந்துகள் ரிங்கையே தொடவில்லை. அணி வெளியேறியது. ஊர் திரும்பியதும் அவர் ஒரு பள்ளி ஜிம்மைத் திறக்கச் சொல்லி எறியப் போய்விட்டார். அதைவிட முக்கியம், அவர் தேடிக் கண்டுபிடித்த காரணம். நீண்ட சீசனில் கால் சோர்ந்துபோனதால்தான் பந்து எட்டவில்லை என்று புரிந்துகொண்டு, கால் வலுவுக்கான பயிற்சியில் இறங்கினார். "நான் நெருக்கடிக்கு லாயக்கில்லை" என்ற முடிவுக்குப் போகவில்லை. ஐந்து கோப்பைகள் பின்னால் வந்தன.

தவறிய ஒவ்வொரு எறிக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: குட்டையாக விழுந்ததா, நீளமா, இடமா, வலமா? குட்டை என்றால் பெரும்பாலும் கால். இடம் வலம் என்றால் பார்வையும் முழங்கையும். பதில் உடம்பில் இருக்கிறது, குணத்தில் தேடாதீர்கள். ஆனால் இந்த விசாரணை மறுநாள் காலைக்கு. மேட்சுக்குள் தவறிய பிறகு ஒரே வேலை: திரும்பி ஓடி உங்கள் ஆளைப் பிடிப்பது. முதல் ஃப்ரீ த்ரோ தவறினால், கோட்டிலிருந்து ஓரடி பின்னால் வந்து, மூச்சை விட்டு, வரிசையை முதலிலிருந்து தொடங்குங்கள். பாதியிலிருந்து தொடங்க வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பந்து வெளியே போகலாம். 2019ல் காவாய் லெனார்டு கடைசி விநாடியில் எறிந்த பந்து ரிங்கில் நான்கு முறை துள்ளிய பிறகுதான் உள்ளே விழுந்து, டொரான்டோ 92–90 என்று வென்றது. அந்த நான்கு துள்ளலின்போது அவர் செய்வதற்கு எதுவும் இல்லை. விரலை விட்டுப் போகும் வரைதான் உங்கள் பொறுப்பு.

வெளியே நிற்பவர்களுக்கு

அப்பா, அம்மா, சித்தப்பா, போன வருட சீனியர்கள் எல்லோரும் கோட்டோரம் நின்று "முழங்கைய உள்ள வை", "பயப்படாத" என்று கத்துவதை நிறுத்தினாலே பாதி வேலை முடியும். "பயப்படாத" என்ற சொல்லில் பயம்தான் காதில் விழுகிறது. பெயரைச் சொல்லிக் கைதட்டுங்கள், போதும். தோற்றுத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கடைசி எறியைப் பற்றி யாரும் பேசாதீர்கள். பிள்ளை தானாகப் பேசினால் கேளுங்கள்.

நாளைக்கே மேட்ச் என்றால்

மேலே சொன்னதெல்லாம் பழக மாதங்கள் ஆகும். நாளைக்கே ஃபைனல், இதுவரை எதுவும் பழகவில்லை என்றால் மூன்று மட்டும் செய்யுங்கள். இன்று சாயங்காலம் ஃப்ரீ த்ரோ வரிசையை முடிவுசெய்து, ஓட்டத்துக்கு நடுவே இரண்டிரண்டாகச் சில முறை எறியுங்கள். எந்த இடத்தைப் பார்ப்பது என்பதை மட்டும் நாளை வரை மாற்றாதீர்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் ஸ்கோர், நேரம், ஃபவுல், டைம் அவுட் நான்கையும் குரல் கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். சத்தமான குரல் யாருக்கோ அவர்தான் பொருத்தம். புது ஷூ போடாதீர்கள், புது முறை எதையும் முயலாதீர்கள். இரவு பத்து மணிக்குள் படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுத்திருங்கள். ஒரு ராத்திரி சரியாகத் தூங்காததால் மட்டும் ஆட்டம் கெட்டுவிடாது. காலையில் கையுறையையும் துண்டையும் பையில் எடுத்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.